குடம் தூக்கக் கூடாது, சரி, அப்புறம்?

கருப்பை அகற்றும் அறுவை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் பெண்ணுக்குச் சொல்லப்படும் அறிவுரைகள் நம் ஊரில் கிட்டத்தட்ட மனப்பாடம். குடம் தூக்கக் கூடாது. தரையில் சம்மணமிட்டு உட்காரக் கூடாது. மாடிப்படியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மலச்சிக்கல் வராமல் கீரையும் பழமும் சாப்பிட வேண்டும். இருமல் வந்தால் வயிற்றைக் கையால் அணைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். மாத்திரைச் சீட்டு, ஸ்கேன் படம், மறுபடி வர வேண்டிய தேதி எல்லாம் ஒரு துணிக்கடைப் பைக்குள் போகின்றன. கணவரும் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறார். இருவர் மனத்திலும் ஒரு கேள்வி இருக்கிறது. அவர்களும் அதைக் கேட்பதில்லை, டாக்டரும் அந்தப் பக்கம் போவதில்லை. மிஞ்சிப்போனால் நர்ஸம்மா வாசல்வரை வந்து, "ரெண்டு மூணு மாசத்துக்கு ஒண்ணா இருக்காதீங்கம்மா" என்பார். அதற்கு அடுத்த மாதம் என்ன ஆகும் என்று யாரும் சொல்வதில்லை.

சொல்லாமல் விட்டதை ஊர் சொல்கிறது. "உள்ள ஒண்ணும் இல்ல, இனிமே எதுக்கு அதெல்லாம்" என்பார் ஒரு பெரியம்மா. "எடுத்துட்டா அந்த நெனப்பே வராதாமே" என்பார் அடுத்த வீட்டுக்காரர். "பாத்துக்க, உன் வீட்டுக்காரரு வேற பக்கம் திரும்பிடப் போறாரு" என்று பயமுறுத்தவும் ஆள் உண்டு. அறுவையின் வடு ஆறுவதற்குள் இந்தப் பேச்சுகள் ஆறாத வடுவாகிவிடுகின்றன.

கருப்பை போனால் காமமும் போகும் என்பது பெரும்பாலான பெண்களைப் பொறுத்தவரை பொய். சினைப்பைகளும் சேர்ந்து போயிருந்தால் கதை வேறு. புற்றுநோய்க்காக எடுத்திருந்தால் அது இன்னும் வேறு. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிவிட்டு, எந்த வகை அறுவை தனக்கு நடந்தது என்றே தெரியாமல் ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்புவதுதான் இங்கே நடக்கும் பெரிய தீங்கு. இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

முதலில் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்த்துவிடலாம். 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 3.3 சதவீதம் பேருக்குக் கருப்பை அகற்றப்பட்டிருக்கிறது. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் இது 8 சதவீதத்துக்கு மேல். மூன்றில் இரண்டு அறுவைக்கு மேல் தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. அதிக உதிரப்போக்கும் வலியும்தான் பாதிக்கு மேற்பட்டோர் சொன்ன காரணம். அதிர வைப்பது வயது. இந்தக் கணக்கில் வரும் பெண்களில் பாதிப் பேருக்கு முப்பதுகளின் நடுப்பகுதிக்குள்ளேயே அறுவை முடிந்துவிட்டது. அமெரிக்காவில் இது பெரும்பாலும் நாற்பதுகளில் நடப்பது. முப்பத்து நான்கு வயதில், மூத்த பிள்ளை இன்னும் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது, ஒரு பெண்ணைப் பார்த்து "இனிமே எதுக்கு" என்று கேட்பது எவ்வளவு பெரிய அபத்தம்! அவருடைய தாம்பத்தியத்தில் பெரும்பகுதி இன்னும் முன்னால்தான் இருக்கிறது.

இனி உடலுக்கு வருவோம். கூச்சப்பட்டால் இந்தப் பேச்சே வீண்.

கருப்பை என்பது கைமுட்டி அளவுள்ள தசைப்பை. அதன் கீழ்நுனியான கருப்பை வாய் யோனியின் மேல்முனையில் நீட்டிக்கொண்டிருக்கும். வழக்கமான முழு அறுவையில் இவ்விரண்டையும் எடுத்துவிட்டு, யோனியின் மேல்முனையைச் சுருக்குப் பையின் வாயைத் தைப்பதுபோலத் தைத்து மூடிவிடுகிறார்கள். யோனி அப்படியே இருக்கிறது. நீளம் பெரிதாகக் குறைவதில்லை. காலியான இடத்தில் ஓட்டை எதுவும் இல்லை. குடல் தானாக அங்கே சரிந்து இடத்தை நிரப்பிக்கொள்கிறது. இன்ப உணர்வின் தலைமையிடமான கிளிட்டோரிஸை இந்தக் கத்தி தொடுவதே இல்லை. வெளியே மொட்டு அளவில் தெரியும் அந்த உறுப்பு உள்ளே எவ்வளவு பெரிதாகக் கிளை பரப்பியிருக்கிறது என்பதை ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் ஹெலன் ஓ'கானல் 1998-இல்தான் விரிவாக எழுதிக் காட்டினார். நிலவுக்கு மனிதன் போய் இருபத்தொன்பது வருடம் கழித்து! பெண்ணுடலைப் பற்றி மருத்துவம் காட்டிய அக்கறைக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

உள்ளே போட்ட தையல் ஆறுவதற்குச் சாதாரணமாக ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை யோனிவழி உறவு கூடாது என்பதற்குக் காரணம் இந்தத் தையல்தான். ஆசையில் குற்றம் எதுவும் இல்லை. மிக அரிதாக அந்தத் தையல் பிரிந்துவிடுவதுண்டு. உறவுக்குப் பின் திடீரென்று கடும் வலி, நிற்காத உதிரப்போக்கு, நாற்றமுள்ள கசிவு என்று எது வந்தாலும் காலைவரை காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மற்றபடி, மறு பரிசோதனையில் டாக்டர் பார்த்து ஆறிவிட்டது என்று சொன்ன பிறகு தடை எதுவும் கிடையாது.

தடை இல்லை என்பது ஒன்று. முன்புபோல இருக்குமா என்பது வேறொன்று. இதற்கு நல்ல விடை தந்தது அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வு. 1999-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அது வெளியானது. 1,101 பெண்களிடம் அறுவைக்கு முன்பே பேசினார்கள். பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையாக இரண்டு வருடம் அதே பெண்களிடம் அதே கேள்விகளைக் கேட்டார்கள். உறவின்போது வலி என்று சொன்னவர்கள் அறுவைக்கு முன் 18.6 சதவீதம், இரண்டு வருடம் கழித்து 3.6 சதவீதம். உச்சமே அடைவதில்லை என்றவர்கள் 7.6-இலிருந்து 4.9 ஆனார்கள். ஆசை குறைவு என்றவர்கள் 10.4-இலிருந்து 6.2. உறவு வைத்துக்கொள்பவர்களின் எண்ணிக்கை குறையவில்லை, 70.5-இலிருந்து 76.7 சதவீதமாகக் கூடியது.

கூடியதில் வியப்பில்லை. மாதத்தில் பதினைந்து நாள் உதிரம் போய், ரத்தசோகையில் படியேற மூச்சு வாங்கி, துணி நனைந்துவிடுமோ என்று கல்யாண வீட்டில் உட்காரவும் பயந்த பெண்ணுக்கு, படுக்கையில் என்ன ஆசை வந்திருக்கும்? ஃபைப்ராய்டு கட்டி ஒவ்வொரு அசைவிலும் குத்தியவருக்கு, அடியிறக்கத்தால் உறுப்பே வெளியில் தொங்கியவருக்கு, அறுவை என்பது விடுதலை. செங்கல்பட்டுப் பகுதியில் 1981 முதல் தலித் பெண்கள் முன்னின்று நடத்திவரும் ரூவ்செக் அமைப்பு, கர்ப்பப்பை இறக்கத்தோடு வாழும் கிராமத்துப் பெண்களின் அனுபவங்களை 1990-களில் கேட்டுப் பதிவுசெய்தது. வயல் வேலையும் வீட்டு வேலையும் இந்த உபாதையோடுதான் நடந்தன என்பதை அந்த மாதிரிப் பதிவுகள் இல்லாவிட்டால் நகரத்து மருத்துவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். நோய் போனதும், மறுபடி கருத்தரித்துவிடுவோமோ என்ற பயமும் போகிறது. இவ்வளவும் சேர்ந்தால் ஆசை திரும்பத்தானே செய்யும்.

ஆனால் சராசரி என்பது எல்லோரும் அல்ல. மேரிலாண்ட் ஆய்விலேயே, அறுவைக்கு முன் மனச்சோர்வில் இருந்தவர்களுக்கும், முன்பே உறவில் சிக்கல் இருந்தவர்களுக்கும் பின்னால் தொல்லைகள் கூடுதலாக இருந்தன. குழந்தை வேண்டும் என்று காத்திருந்து கருப்பையை இழந்த பெண்ணின் துக்கத்தை எந்தச் சதவீதமும் அளக்காது. இன்னொரு சிறு பிரிவினரும் உண்டு. உச்சத்தின்போது கருப்பை சுருங்கி விரிகிறது என்பதை அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸும் ஜான்சனும் 1966-லேயே எழுதியிருக்கிறார்கள். சில பெண்கள் அந்தத் துடிப்பை உள்ளே தெளிவாக உணர்வார்கள். அவர்களுக்கு அறுவைக்குப் பின் உச்சம் வரும், ஆனால் ஆழத்தில் ஏதோ ஒன்று குறைவதாகத் தோன்றும். அது மனப்பிரமை இல்லை. "எல்லாம் உங்க நெனப்புதாம்மா" என்று அவர்களைத் திருப்பி அனுப்பும் மருத்துவர் பாடப்புத்தகத்தை மறுபடி ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

கருப்பை வாயை மட்டும் விட்டுவைத்தால் இன்பம் குறையாது என்று ஒரு கட்சி இருந்தது. பின்லாந்தின் கில்க்கு என்ற மருத்துவர் 1983-இல் எழுதிய ஆய்வுக்குப் பிறகு அது வேகமாகப் பரவியது. பல நாடுகளில் பெண்களே அதைக் கேட்டு வாங்கினார்கள். 2002-இல் ரானி தாக்கரும் சக மருத்துவர்களும் லண்டனில் 279 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு முழுதாகவும் மற்றதற்கு வாயை விட்டும் அறுவை செய்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தாம்பத்திய இன்பத்தில் வேறுபாடு எதுவும் தெரியவில்லை. வாயை வைத்துக்கொண்டவர்களில் சுமார் 7 சதவீதம் பேருக்கு மாதாமாதம் கொஞ்சம் உதிரம் வந்துகொண்டே இருந்தது, அவ்வளவுதான். அடுத்த வருடம் நெதர்லாந்தில் பதின்மூன்று மருத்துவமனைகளில் நடந்த ஆய்வும், வயிற்றைத் திறந்து எடுத்தாலும் கீழ்வழியாக எடுத்தாலும் இன்பம் அறுவைக்கு முன்பைவிடக் கூடியதாகவே சொன்னது. ஆக, எந்த வழியாக எடுத்தார்கள் என்பதைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டியது வேறொன்றைப் பற்றி.

சினைப்பை. நம் ஆட்கள் மொழியில் ஓவரி.

கருப்பையின் இருபுறமும் பாதாம் பருப்பளவில் இருக்கும் இந்த இரண்டும்தான் ஈஸ்ட்ரோஜனைச் சுரப்பவை. பெண்ணுடலில் இருக்கும் டெஸ்டோஸ்டிரோனில் ஏறக்குறைய பாதிக்கும் இவையே பொறுப்பு. ஆண்களின் ஹார்மோன் என்று பெயர் வாங்கிவிட்ட அதற்குப் பெண்ணின் ஆசையிலும் பங்கு உண்டு. இயல்பாக மாதவிடாய் நிற்கும்போது ஹார்மோன் பல வருடங்களில் படிப்படியாக இறங்கும். சினைப்பைகளை வெட்டி எடுத்தால் அது சில நாட்களில் விழுந்துவிடும். முந்தின வாரம்வரை மாதவிலக்கு வந்துகொண்டிருந்த முப்பத்தாறு வயதுப் பெண், ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணின் உடலோடு எழுந்து உட்காருகிறார். திடீர் வியர்வை, எரிச்சல், தூக்கமின்மை. யோனியின் உட்சுவர் மெலிந்து காய்கிறது, ஈரம் ஊறுவதில்லை, உறவு என்றால் மணல்காகிதம் உரசும் வலி. அடிக்கடி நீர்க்கடுப்பு. ஆசை மங்குகிறது. அவர் அதை வயது என்றோ, விதி என்றோ, கணவர் மீது வெறுப்பு என்றோ எடுத்துக்கொள்கிறார். கணவரும் அதையே நினைக்கிறார். உண்மையில் அது அறுவைச் சிகிச்சைக் குறிப்பில் ஒரே வரியில் எழுதியிருக்கும் விஷயம்.

"எப்படியும் திறக்கிறோம், அதையும் சேர்த்து எடுத்துட்டா பின்னால புத்துநோய் பயம் இல்ல" என்பது பழகிப்போன வாதம். அமெரிக்கச் செவிலியர் ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. கருப்பை அகற்றிய 29,380 பெண்களை இருபத்து நான்கு வருடம் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியிட்டார்கள். சினைப்பைகளையும் எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றும் சினைப்பைப் புற்றும் குறைந்தன. ஆனால் மாரடைப்பு கூடியது, மொத்த மரணமும் கூடியது. எந்த வயதில் எடுத்தவர்களுக்கும் ஆயுள் கூடியதாகத் தெரியவில்லை. குடும்பவழி மரபணுக் கோளாறு உறுதியானவர்கள், சினைப்பையிலேயே நோய் உள்ளவர்கள் கதை வேறு. அவர்களுக்கு எடுப்பதே சரி. மற்றவர்களுக்கு, அதிலும் நாற்பதுக்குக் கீழே, எடுப்பதற்குத் தனிக் காரணம் சொல்லப்பட வேண்டும். சினைப்பைகளை விட்டுவைத்தாலும் அவை சிலருக்குச் சில வருடம் முன்னதாகவே ஓய்ந்துவிடுகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். கருப்பை இல்லாததால் மாதவிடாய் நின்றதை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. வியர்வையும் வறட்சியும்தான் அடையாளம்.

இதற்கு மருந்து இருக்கிறது என்பது பலருக்கும் தெரியாது. கருப்பை இல்லாதவருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்தால் போதும். கருப்பையின் உட்சுவரைக் காப்பதற்காகச் சேர்க்கும் இரண்டாவது ஹார்மோன் தேவையில்லை. 2004-இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வொன்றில், கருப்பை அகற்றிய 10,739 பெண்களில் ஒரு பகுதியினருக்கு ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தபோது மார்பகப் புற்று கூடவில்லை. பக்கவாதம் சற்றுக் கூடியது. ஆகவே யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பதை மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும். இளவயதில் சினைப்பைகளை இழந்தவர்கள், வேறு தடை இல்லையென்றால், இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதுவரை ஹார்மோன் எடுத்துக்கொள்வதே பொதுவான பரிந்துரை. வறட்சி மட்டும்தான் தொல்லை என்றால் யோனிக்குள் தடவும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீமே போதும். ஆசைக் குறைவுக்கு டெஸ்டோஸ்டிரோன் சிலருக்கு உதவுகிறது என்று 2019-இல் உலகளாவிய நிபுணர் குழு ஏற்றுக்கொண்டது. பெண்களுக்கென்றே தயாரித்த டெஸ்டோஸ்டிரோன் கிரீமை ஆஸ்திரேலியா 2020-இல் அனுமதித்தது. ஆண்களுக்கான எழுச்சி மாத்திரை அமெரிக்காவில் கடைக்கு வந்தது 1998-இல் என்பதை இங்கே நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மருந்துக் கடையில் கேட்கக் கூச்சமாக இருந்தால், நீர் சார்ந்த வழவழப்பு ஜெல் இணையத்தில் கிடைக்கிறது. தேங்காய் எண்ணெய் வீட்டு வைத்தியம், பலருக்கு ஒத்துப்போகும். ஆனால் ஆணுறை போடுபவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும், எண்ணெய் பட்டால் ரப்பர் கிழியும். கருத்தரிக்க வாய்ப்பில்லையே, ஆணுறை எதற்கு என்று கேட்கலாம். தொற்று நோய்க்குக் கருப்பை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன!

கருப்பை வாய்ப் புற்றுக்காகச் செய்யும் அறுவையை மேலே சொன்னவற்றோடு ஒப்பிடக் கூடாது. அதில் யோனியின் மேற்பகுதியும் சுற்றியுள்ள திசுக்களும் போகின்றன, நரம்புகள் அறுபடலாம், கதிர்வீச்சு சேர்ந்தால் யோனி சுருங்கி இறுகிவிடும். 1999-இல் சுவீடனில் வந்த ஆய்வில், இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 26 சதவீதம் பேர் ஈரம் போதவில்லை என்றார்கள். அதே வயதுள்ள மற்றப் பெண்களில் 11 சதவீதம். யோனி குட்டையாகிவிட்டது என்றவர்களும் 26 சதவீதம், மற்றவர்களில் 3. இவர்களுக்கு யோனி விரிப்பான் என்ற எளிய கருவியைத் தந்து, வாரத்தில் சிலமுறை பயன்படுத்தப் பழக்குவது சிகிச்சையின் ஒரு பகுதி. அதைக் கொடுக்கும்போது "எதுக்கும்மா இது" என்று கேட்கும் பெண்ணுக்கு நேராகப் பதில் சொல்லத் தெரிந்த ஒருவர் அந்த வார்டில் இருக்க வேண்டும். தாம்பத்தியத்துக்கு மட்டுமல்ல, பின்னாளில் மருத்துவர் உள்ளே பரிசோதித்துப் பார்ப்பதற்கும் அந்தப் பாதை திறந்திருக்க வேண்டும்.

இப்போது கணவரிடம் வருவோம். பல வீடுகளில் அவரும் பயந்துபோய்த்தான் இருக்கிறார். தையல் பிரிந்துவிடுமோ, காயம் படுமோ என்று விலகிப் படுக்கிறார். மனைவி அதை, தன் மேல் பிடித்தம் போய்விட்டது என்று எடுத்துக்கொள்கிறார். இருவரும் பேசுவதில்லை. மாதங்கள் ஓடுகின்றன. இன்னொரு வகை வீடு இருக்கிறது: நாற்பதாம் நாளே கணவர் கேட்பார், மறுத்தால் சண்டை. வலியோடு பல்லைக் கடித்துக்கொண்டு இணங்கிய பெண்ணின் இடுப்புத்தளத் தசைகள், அடுத்த முறை தொட்டாலே தானாக இறுகிக்கொள்ளும். இறுகினால் வலி கூடும். வலி கூடினால் இன்னும் இறுகும். பொறுத்துக்கொள்வதால் இது சரியாகாது. இதற்கென்று இடுப்புத்தளப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்டுகள் இப்போது பெரிய ஊர்களில் இருக்கிறார்கள். அவசரப்படாமல், ஊடுருவல் இல்லாத நெருக்கத்தில் தொடங்கி, ஆழத்தையும் வேகத்தையும் மனைவி தீர்மானிக்கும்படி விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். இதை மறு பரிசோதனை அன்று கணவரையும் உட்கார வைத்து மருத்துவர் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

அந்த ஐந்து நிமிடம் அறுவைக்கு முன்பே கிடைத்தால் இன்னும் நல்லது. 2008-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. தில்லியில் ஒரு பெண் லாப்ராஸ்கோப்பிப் பரிசோதனைக்காகத்தான் ஒப்புக்கொண்டு மயக்க மருந்து வாங்கினார். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே, வெளியே காத்திருந்த தாயாரிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, வயதுவந்த பெண்ணுக்குப் பதிலாகத் தாய் கொடுத்த ஒப்புதல் செல்லாது என்றது நீதிமன்றம். பரிசோதனைக்குத் தந்த ஒப்புதல் அறுவைக்குத் தந்த ஒப்புதல் ஆகாது என்றும் சொன்னது. நம் மருத்துவமனைகளில் இன்றும் படிவத்தை நேராகக் கணவரிடம் நீட்டுகிறார்கள். கையெழுத்துப் போட வேண்டியவர் கட்டிலில் படுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் நடந்தது இதைவிடக் கொடுமை. கரும்பு வெட்டப் போகும் பெண்கள் மாதவிலக்கில் ஒரு நாள் விடுப்பு எடுத்தாலும் ஒப்பந்தக்காரருக்கு அபராதம் கட்ட வேண்டும். வயலோரக் குடிசையில் கழிப்பறை கிடையாது, தண்ணீர் கிடையாது. வயிற்றுவலி என்று போனால் தனியார் மருத்துவமனை கர்ப்பப்பையையே எடுத்துவிட்டது. 2019-இல் செய்தி வெடித்த பிறகு அரசு அமைத்த குழு, 82,309 பெண் தொழிலாளர்களிடம் விசாரித்தது. அவர்களில் 13,861 பேருக்குக் கருப்பை இல்லை. பலர் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்தவர்கள். அறுவைக்காக வாங்கிய கடனை அடைக்க மறுபடி அதே கரும்புக்காட்டுக்குத்தான் போனார்கள். அவர்களிடம் ஆசையைப் பற்றியும் இன்பத்தைப் பற்றியும் யார் கேட்கப்போகிறார்கள்? அவர்களுக்கும் அது உண்டு என்பதே இந்தப் பேச்சில் அவர்களைச் சேர்ப்பதற்குக் காரணம்.

பீகார், ராஜஸ்தான், சத்தீஸ்கர் மாநிலங்களில் நடந்த தேவையற்ற அறுவைகளை எதிர்த்து மருத்துவர் நரேந்திர குப்தா 2013-இல் தொடுத்த பொதுநல வழக்கில், 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒன்றிய அரசு 2022-இல் வகுத்த வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்பது அது. மாவட்டந்தோறும் கண்காணிப்புக் குழு வர வேண்டும். எத்தனை அறுவை, என்ன வயது, என்ன காரணம் என்று இனிக் கணக்கு சேரும். நல்லது. ஆனால் குடும்ப நலக் கணக்கெடுப்பின் அறிக்கையைப் புரட்டினால், அறுவை எங்கே நடந்தது, எந்த வயதில், எதற்காக என்று மூன்றுக்கும் அட்டவணை இருக்கிறது. சினைப்பைகளையும் எடுத்தார்களா என்பதற்கு அட்டவணை இல்லை. அதற்குப் பின் அந்தப் பெண்ணின் தாம்பத்தியம் எப்படி இருக்கிறது என்பதற்கும் இல்லை. வீடு வீடாகப் போகும் கணக்கெடுப்பாளர்களிடம் இந்த இரண்டு கேள்விகளையும் கொடுத்தனுப்ப அரசுக்குப் பெரிய செலவு ஆகாது.